பிளாஸ்டிக் புல், நிஜப் புல்: இரண்டு மைதானங்களைப் பராமரித்த பதினாறு சீசன்கள்

2008 முதல் 2014 வரை ஏழு சீசன் இயற்கைப் புல். 2015 முதல் 2023 வரை ஒன்பது சீசன் செயற்கைப் புல். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் இரண்டு பல்கலைக்கழகங்களின் கால்பந்து மைதானங்களில் தரையைப் பராமரிக்கும் வேலை பார்த்திருக்கிறேன். இங்கே கால்பந்து என்றால், பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடி, மோதி, விழுந்து எழுகிற அமெரிக்கக் கால்பந்து. நூறு கிலோவைத் தாண்டிய இளைஞன் முழு வேகத்தில் ஓடிவந்து கண் இமைக்கும் நேரத்தில் திசை மாறுவான். அந்த நேரத்தில் அவன் காலுக்கும் தரைக்கும் இடையில் நடப்பதுதான் எனக்குச் சோறு போட்ட வேலை. எந்தத் தரை நல்லது என்று நண்பர்கள் பலரும் கேட்கிறார்கள். விற்பனைக் கையேடுகளில் வராத விஷயங்களை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

நான் திருவாரூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவன். எங்கள் வயலில் அருகம்புல் ஒரு களை. வரப்பிலிருந்து இறங்கி வயலுக்குள் புகுந்துவிட்டால் கொத்தி எடுத்தும் மாளாது. ஒரே ஒரு கணு மண்ணில் தங்கிவிட்டால் போதும், அடுத்த மழைக்குப் படர்ந்துவிடும். கோயம்புத்தூரில் வேளாண்மை படித்துவிட்டு, புல்தரை அறிவியல் படிக்க இங்கு வந்தேன். முதல் வாரமே வகுப்பில் காட்டிய தாவரம் சைனோடான் டாக்டிலான், அதாவது நம் அருகு. இங்கே அதற்குப் பெர்முடா புல் என்று பெயர். ஜார்ஜியா மாநிலம் டிஃப்டனில் உள்ள ஆய்வு நிலையத்தில், அருகையும் அதன் ஆப்பிரிக்க உறவுப் புல் ஒன்றையும் கலந்து உருவாக்கிய டிஃப்வே 419 என்ற ரகம் 1960இல் வெளிவந்தது. தெற்கு மாநிலங்களின் கல்லூரி மைதானங்களில் அது பல்லாண்டுகள் கோலோச்சியது. தொலைபேசியில் அப்பாவிடம் சொன்னேன். "பிள்ளையாருக்குச் சாத்துகிற அருகையா, தம்பி, அங்கே எரு போட்டு வளர்க்கிறார்கள்?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். எந்தக் குணத்துக்காக அவர் அதை ஆயுள் முழுக்கப் பிடுங்கி எறிந்தாரோ, அந்தக் குணத்துக்காகவே இங்கே அதைப் போற்றுகிறார்கள். மிதிபட்டாலும் பிய்ந்தாலும் கணுவிலிருந்து அது தானாகவே காயத்தை மூடிக்கொள்ளும்.

நான் வேலை பார்த்த ஊரின் குளிரை அருகு தாங்காது. குளிர் தாங்கும் அருகு ரகங்கள் பிறகு வந்துவிட்டன என்றாலும் எங்கள் மைதானத்தில் இருந்தது கென்டக்கி புளூகிராஸ். அதுவும் மண்ணுக்கடியில் தண்டு ஓட்டிப் படரும் புல்தான், ஆனால் விதைத்தால் முளைக்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். அவசரத்துக்கு ரைகிராஸ் விதைப்போம். அது ஒரு வாரத்தில் முளைத்துவிடும், படராது.

சனிக்கிழமை ஆட்டம் முடிந்தால் ஞாயிறு காலை நாங்கள் ஆறு பேர் வரிசையாக மண்டியிட்டு, பெயர்ந்த புல்கட்டிகளைத் தேடிக்கொண்டே நகர்வோம். கிளீட் காலணியின் குமிழ்கள் பிய்த்தெடுத்த கட்டி உள்ளங்கை அளவு இருக்கும். அடியில் வெள்ளை வேர் தொங்கும். வேர் உயிரோடு இருந்தால் திருப்பிப் பதித்துக் கட்டைவிரலால் அழுத்துவோம். உலர்ந்துவிட்டிருந்தால் எடுத்து எறிந்துவிட்டு, மணலும் முன்பே ஊறவைத்த விதையும் கலந்த கலவையைக் கைப்பிடி அளவு நிரப்புவோம். நூற்றுக்கணக்கான குழிகள். மதியத்துக்குள் முழங்கால் மரத்துப்போகும். ஆனால் ஒவ்வொரு குழியும் எனக்கு ஒரு சேதி சொன்னது. இந்த இடத்தில் ஒருவன் கால் ஊன்றித் திரும்பியிருக்கிறான், தரை விட்டுக்கொடுத்திருக்கிறது.

இயற்கைப் புல்லிலும் குறைகள் உண்டு, மறைக்க விரும்பவில்லை. நவம்பரில் மண் குளிர்ந்ததும் வளர்ச்சி நின்றுவிடும். அதற்குப் பிறகு விழும் காயம் எதுவும் வசந்தம் வரை ஆறாது. 2011இல் மழையில் நடந்த ஓர் ஆட்டம் மைதானத்தின் நடுப்பகுதியைச் சேற்று வயலாக்கிவிட்டது. அடுத்த ஆட்டத்துக்கு எட்டே நாள். புல்சுருள் வாங்கி விரிக்க முடிவாயிற்று. ஒன்றரை, இரண்டு அங்குல மண் கனத்தோடு வெட்டிய சுருளாக இருந்தால் வேர் பிடிக்காமலே தன் எடையால் அசையாது கிடக்கும். நிர்வாகம் செலவைப் பார்த்து மெல்லிய சுருளை வாங்கியது. ஆட்டத்தில் அது வீரர்களின் காலடியில் பாய் சுருட்டுவதைப் போல நகர்ந்தது. தொலைக்காட்சி வர்ணனையாளர்கள் பழியைப் புல்லின் மேல் போட்டார்கள். மூன்று ஆண்டுகள் கழித்துச் செயற்கைப் புல்லுக்கு மாறலாம் என்று கூட்டம் கூடியபோதும் அந்த ஆட்டத்தின் படங்களைத்தான் திரையில் காட்டினார்கள்.

இது பழைய இழுபறி. ஹூஸ்டனின் ஆஸ்ட்ரோடோம் என்ற கூரையிட்ட அரங்கில் ஆட்டக்காரர்களின் கண் கூசுகிறது என்று கூரையின் ஒளிபுகும் பலகைகளுக்கு வண்ணம் பூசினார்கள், உள்ளே இருந்த புல் செத்தது, 1966இல் பிளாஸ்டிக் விரிப்பு வந்தது. அங்கே ஆடிய ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் வழியாக அது கல்லூரிக் கால்பந்துக்குள் நுழைந்தது. 1968இல் டென்னசி, விஸ்கான்சின் பல்கலைக்கழகங்களும், 1969இல் மிச்சிகனும், 1971இல் ஒஹாயோ ஸ்டேட்டும் மாறின. அந்தக் காலத்து விரிப்பு கெட்டித் தளத்தின் மேல் ஒட்டிய முரட்டுக் கம்பளம் மாதிரி. விழுந்தால் முழங்கைத் தோல் உரிந்துவிடும். அதனால்தான் ஒஹாயோ ஸ்டேட் 1990இலும், மிச்சிகன் 1991இலும், டென்னசி 1994இலும் புல்லுக்குத் திரும்பின. பிறகு நீளமான இழைகளுக்கிடையே மணலும் ரப்பர் துகளும் நிரப்பிய புதிய தலைமுறை வந்தது. 1999இல் நெப்ராஸ்கா அதைப் போட்டது. மிச்சிகன் 2003இலும் ஒஹாயோ ஸ்டேட் 2007இலும் மறுபடி பிளாஸ்டிக்குக்குப் போயின, 2014இல் நோட்ரடேமும் சேர்ந்துகொண்டது. மிச்சிகனின் நிலைமை எனக்குப் புரிகிறது, அந்த மைதானத்தின் தரை நிலத்தடி நீர்மட்டத்துக்கும் கீழே கிடக்கிறது. ஆனால் அதே மாநிலத்தில் மிச்சிகன் ஸ்டேட் என்ற இன்னொரு பல்கலைக்கழகம் 2002இல் எதிர்த்திசையில் நடந்து இயற்கைப் புல்லுக்கு வந்தது. மழையைப் பற்றிப் பேசுபவர்கள் இந்தியானாவின் பர்டூ பல்கலைக்கழகத்தைப் பார்க்க வேண்டும். அங்கே வில்லியம் டேனியல் என்ற பேராசிரியர் 1970களில் மணல் படுகைக்கு அடியில் பிளாஸ்டிக் தாளும் குழாய்களும் பதித்து, மழைநீரைப் பம்பு வைத்து உறிஞ்சும் முறையை உருவாக்கினார். 1975இல் அது அவர்களுடைய மைதானத்துக்கு வந்தது.

2015இல் என் இரண்டாவது வேலை செயற்கைப் புல்லில் தொடங்கியது. முதல் ஆண்டு நான் மகிழ்ச்சியாகவே இருந்தேன், அதையும் சொல்ல வேண்டும். பெருமழை பெய்து ஓய்ந்த அரைமணி நேரத்தில் ஆடலாம். காலையில் பேண்டு வாத்தியக் குழு, மதியம் மாணவர்களின் பொழுதுபோக்கு ஆட்டம், இரவு உள்ளூர்ப் பள்ளிகளின் போட்டி என்று ஒரே நாளில் நடத்தினாலும் தரை சளைக்காது. எந்த நிஜப் புல்லும் அந்த மிதியைத் தாங்காது.

பராமரிப்பே வேண்டாம் என்ற பேச்சுதான் முதலில் உடைந்தது. ரப்பர் துகள் இருந்த இடத்தில் இருப்பதில்லை. வீரர்கள் அதிகம் கால் ஊன்றும் நடுக்கோடுகளிலும் கோல் எல்லையிலும் துகள் ஒதுங்கி, அடித்தளம் இறுகிவிடும். இயந்திரத்தால் வாரி, ஊசிமானியைச் செருகி ஆழம் பார்த்து, குறைந்த இடத்தில் மூட்டை மூட்டையாகக் கொட்டி நிரப்ப வேண்டும். ஒன்பது கிலோ எடையை இரண்டு அடி உயரத்திலிருந்து போட்டு அதிர்ச்சியை அளக்கும் ஜி-மேக்ஸ் சோதனை இருக்கிறது. அளவு 200ஐத் தொட்டால் அந்தத் தரையில் ஆடவிடக் கூடாது. புதிதாக இருக்கும்போது மெத்தென்று தொடங்கும் அளவு ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போகும். பிறகு தையல் விடும், எட்டுப் பத்து ஆண்டில் விரிப்பையே மாற்ற வேண்டும். எச்சிலும் வியர்வையும் இரத்தமும் நிஜ மண்ணில் விழுந்தால் நுண்ணுயிர்கள் பார்த்துக்கொள்ளும். பிளாஸ்டிக்கில் நாங்கள்தான் கிருமிநாசினி தெளித்துக் கழுவ வேண்டும்.

அடுத்தது வெப்பம். சீசன் தொடங்குவதற்கு முன் ஆகஸ்டில் பயிற்சி முகாம் நடக்கும். ஒரு பிற்பகல், காற்றின் வெப்பம் 33 டிகிரி செல்சியஸ். வெப்பமானியைத் தரைக்குக் காட்டினேன், 66. சுவருக்கு வெளியே இருந்த சாதாரணப் புல்வெளி 32. உயிருள்ள புல் தன் உடல் நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்விக்கிறது, பிளாஸ்டிக்குக்கு அந்த வழி இல்லை. யூட்டாவில் உள்ள பிரிகம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002இல் தங்கள் மைதானத்தில் 93 டிகிரி வரை அளந்திருக்கிறார்கள். தண்ணீர் தெளித்தபோது 79லிருந்து 29க்கு இறங்கிய தரை, ஐந்தே நிமிடத்தில் 49க்கும் இருபது நிமிடத்தில் 73க்கும் ஏறிவிட்டது. எங்கள் வீரர்கள் ஓய்வு வேளையில் ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கி நிற்பார்கள். கவசமும் தலைக்கவசமும் அணிந்த பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். மதியப் பயிற்சியைக் காலைக்கு மாற்றுங்கள் என்று நான் மூன்று கோடை கேட்டேன். நான்காவது கோடையில்தான் மாற்றினார்கள்.

2017 செப்டம்பரில் நடந்த ஒன்றை எழுதாமல் இந்த அனுபவம் முழுமையாகாது. சாதாரணப் புதன்கிழமைப் பயிற்சி. பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர் ஒருவன் தனியாக ஓடிவந்து இடப்பக்கம் திரும்பினான். பத்தடி சுற்றளவில் யாரும் இல்லை. உடம்பு திரும்பியது, வலது கால் திரும்பவில்லை. அவன் போட்ட சத்தம் இன்றும் எனக்குக் கேட்கிறது. முழங்காலின் முன்புறச் சிலுவைத் தசைநார் அறுந்திருந்தது. அவனை ஏற்றிக்கொண்டு வண்டி போனபிறகு அந்த இடத்துக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். ஏழு ஆண்டுப் பழக்கம், கை தானாகக் குழியைத் தேடியது. குழி இல்லை. இழைகள் நிமிர்ந்து நின்றன. நாலைந்து கறுப்புத் துகள்கள் மட்டும் மேலே தெறித்துக் கிடந்தன. முந்தைய மைதானத்தில் இதேபோல் திரும்பிய எத்தனையோ பேர் வழுக்கி விழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து ஓடியிருக்கிறார்கள். அவர்கள் விட்டுப்போன சாண் நீளக் கீறல்களைத்தான் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் மணலும் விதையும் போட்டு மூடினேன்.

ஒரு சம்பவத்தை வைத்துத் தரையின் மேல் குற்றம் சாட்ட முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால் ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். கல்லூரி விளையாட்டுகளின் காயப் பதிவுகளை 2004-05 முதல் 2013-14 வரை அலசிய ஆய்வு ஒன்று 2019இல் வெளிவந்தது. கால்பந்துப் போட்டிகளில் பின்புறச் சிலுவைத் தசைநார்க் காயம் செயற்கைப் புல்லில் ஏறத்தாழ மூன்று மடங்கு. முன்புறத் தசைநார்க் காயத்தில், பெரிய அணிகள் ஆடும் முதல் பிரிவுக்குக் கீழே உள்ள இரண்டாம், மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளில் செயற்கைப் புல்லின் விகிதம் உயர்ந்திருந்தது. தொழில்முறை ஆட்டங்களில் 2012 முதல் 2016 வரையான கணக்கில், யாரும் மோதாமல் நேரும் கால் காயங்கள் செயற்கைப் புல்லில் கால்பங்குக்கும் மேல் அதிகம். எல்லா ஆய்வுகளும் ஒரே குரலில் பேசுவதில்லை, புதிய விரிப்புகள் மேம்பட்டும் வருகின்றன. ஆனாலும் கிளீட்டை எப்போது விடுவது என்று அறிந்த ஒரு விரிப்பு இன்னும் என் கையில் வரவில்லை.

என் முடிவு இது. ஒரு பெரிய கல்லூரியின் முதன்மை மைதானத்தில் ஆண்டுக்கு ஆறேழு ஆட்டங்கள்தான் சொந்த மண்ணில் நடக்கின்றன. நாள் முழுக்க மிதிபடும் என்ற வாதம் அங்கே செல்லாது. அங்கே புல் இருக்க வேண்டும். பேண்டு குழுவும் ஆயிரக்கணக்கான மாணவர்களும் புழங்கும் பொது மைதானங்களில் செயற்கைப் புல் போடுங்கள், அது அங்கே நன்றாக உழைக்கும். காலால் உதைத்து ஆடும் கால்பந்தின் 2026 உலகக் கோப்பைக்கு ஃபிஃபா இயற்கைப் புல்லை வற்புறுத்தியபோது, கூரை மூடிய அரங்குகளுக்குள்ளும் புல் வளர்க்க வழி தேடப்பட்டது. அந்த ஆராய்ச்சியை முன்னின்று நடத்தியவர்கள் மிச்சிகன் ஸ்டேட்டின் ட்ரே ராஜர்ஸும் டென்னசியின் ஜான் சொரோச்சனும், இருவரும் பல்கலைக்கழக ஆசிரியர்கள். சில வாரங்கள் வந்து ஆடிவிட்டுப் போகிறவர்களுக்காக இவ்வளவும் செய்ய முடியும் என்றால், நான்கு ஆண்டுகள் ஒரே தரையில் உழைக்கும் மாணவர்களுக்கு ஏன் கூடாது?

உங்கள் கல்லூரி புல்லைத் தேர்ந்தெடுத்தால், நவம்பர்ச் செலவுக்குத் தனியாகப் பணம் ஒதுக்கச் சொல்லுங்கள், கனமாக வெட்டிய சுருளையே வாங்குங்கள். செயற்கைப் புல்தான் என்று முடிவாகிவிட்டால் ஆண்டுதோறும் ஜி-மேக்ஸ் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள், எந்தெந்த இடத்தில் அளந்தார்கள் என்பதையும் பாருங்கள். ஓரத்தில் மட்டும் அளந்த அறிக்கை எதற்கும் உதவாது. உங்கள் பிள்ளை அந்தத் தரையில் கோடைப் பயிற்சிக்குப் போகிறான் என்றால், ஒரு மதியம் நேரில் போய் உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பத்து வரை எண்ணுங்கள். எண்ணி முடிப்பதற்குள் கையை எடுக்க நேர்ந்தால், அன்றே பயிற்சியாளரைப் பார்த்துப் பேசுங்கள்.