குனிந்த கழுத்துக்குக் கால்மணி நேரம்: பாளையங்கோட்டையில் ஒரு நாற்காலி மசாஜ் நிலையம்

ஒவ்வொரு மாதமும் 20ஆம் தேதி நெருங்க நெருங்க, என் வலது தோளிலிருந்து பிடரி வரை கயிற்றை முறுக்கிக் கட்டியதுபோல் இறுகிவிடும். பாளையங்கோட்டையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம், 20ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. மாதக் கணக்கு, ஜூலை பிறந்தால் வருமான வரிக் கணக்கு என்று எங்களுக்கு எல்லாமே நாள் குறித்த வேலைகள்தாம். தைலம் தேய்த்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு, முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு மாடியில் நாற்காலி மசாஜ் மட்டுமே செய்யும் சிறிய நிலையம் இருப்பதை அலுவலகத் தோழி சொன்னாள். நான்கு மாதங்களில் ஆறு முறை போய்வந்திருக்கிறேன். ஒருமுறை அம்மாவையும் அழைத்துப் போனேன்.

நாற்காலி மசாஜ் என்றவுடன் பலரும் வணிக வளாகங்களில் பணம் போட்டால் அதிரும் பெரிய சோபாவை நினைத்துக்கொள்கிறார்கள். அது இயந்திரம், உட்காருபவர் நெட்டையா குட்டையா, வலி இடப்பக்கமா வலப்பக்கமா என்பது அதற்குத் தெரியாது. இங்கே பிடித்துவிடுவது மனிதக் கை. நாற்காலி நம்மைத் தாங்குவதற்கு மட்டும். இந்த முறையைப் பரப்பியவர் டேவிட் பால்மர் என்ற அமெரிக்கர். ஜப்பானிய மரபு வழியில் மசாஜ் கற்பித்துவந்த அவர், உடையைக் களையாமல், எண்ணெய் இல்லாமல், வேலை செய்யும் இடத்திலேயே கால்மணி நேரத்தில் முடிகிற ஒன்றாக அதை மாற்ற விரும்பி, அதற்கென்றே ஒரு நாற்காலியை வடிவமைக்கச் செய்தார். 1986இல் அது விற்பனைக்கு வந்தது.

அந்த நாற்காலியில் நாம் வழக்கம்போல் சாய்ந்து உட்காருவதில்லை. மார்பை முன்பக்க மெத்தையில் சாய்த்து, முழங்காலை மடக்கிக் கணைக்காலைக் கீழே உள்ள திண்டுகளில் வைத்து, கைகளை ஒரு பலகையில் கிடத்தி, நடுவில் துளையுள்ள வளைந்த மெத்தையில் முகத்தைப் பதித்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் முகத்தை வைத்தவுடன், யாரும் என்மேல் கை வைப்பதற்கு முன்பே, எனக்குப் பாதி வலி இறங்கியது. மனிதத் தலை ஏறக்குறைய ஐந்து கிலோ எடை. காலை முதல் மாலை வரை குனிந்தே இருப்பவர்களின் கழுத்துத் தசைகள் அந்த எடை விழுந்துவிடாமல் ஓயாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கின்றன. இங்கே அந்தச் சுமையை மெத்தை வாங்கிக்கொள்கிறது. படுக்கை மசாஜிலும் அந்த ஓய்வு கிடைக்கும்தான். ஆனால் அலுவலகத்திலிருந்து அரைமணி நேர இடைவேளையில் போய்வர முடியாது.

எனக்குப் பிடித்துவிடும் பெண் தொடங்குமுன் கேட்ட கேள்விகளிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. இரத்த அழுத்தம் உண்டா, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேனா, காய்ச்சல் இருக்கிறதா, காலில் வீக்கம் உண்டா, அண்மையில் அறுவை சிகிச்சை நடந்ததா, கர்ப்பமா என்று வரிசையாகக் கேட்டார். “கை விரல் வரைக்கும் மரத்துப் போகுதா அக்கா? அப்படின்னா நான் தொடமாட்டேன், முதல்ல ஹைகிரவுண்ட்ல காட்டிட்டு வாங்க” என்றார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைத்தான் அப்படிச் சொன்னார். பணம் தர வந்தவரைத் திருப்பி அனுப்பத் தயாராக இருப்பவரிடம் கழுத்தைக் கொடுக்க எனக்குத் தயக்கமில்லை.

முதலில் இரு உள்ளங்கைகளையும் முதுகில் வைத்து, நாம் மூச்சு விடும்போது தன் உடல் எடையைச் சாய்த்து அழுத்துகிறார். பிறகு முதுகெலும்பின் இருபுறமும் கட்டைவிரலால் கீழிறங்கி, தோள்பட்டை எலும்பின் உள்மேல் முனைக்கு வருகிறார். என் முடிச்சு இருப்பது அங்கேதான். நெல்லிக்காய் அளவில் உருளும் அந்த இடத்தை அவர் தேய்ப்பதில்லை. முழங்கையின் மழுங்கிய பக்கத்தை வைத்து, மூன்று நான்கு மூச்சு வரை அசையாமல் அழுத்திப் பொறுத்திருக்கிறார். முதலில் வலி கண் வரை ஏறுகிறது. பிறகு பனிக்கட்டி கரைவதுபோல் அந்த முடிச்சு மெல்லத் தளர்வதை நாமே உணர முடிகிறது. பிடரியில், மண்டையோடு தொடங்கும் பள்ளத்தில் விரல்நுனிகளால் தாங்கிப் பிடிக்கும்போது ஒருமுறை தூங்கியே விட்டேன். கை, உள்ளங்கை, கடைசியில் முதுகில் தட்டல் என்று முடிகிறது. எழுந்தவுடன் நடக்க விடுவதில்லை. தலைசுற்றல் வரலாம் என்று ஒரு நிமிடம் உட்காரவைத்துத் தண்ணீர் தருகிறார்கள். அது தேவையான கவனம்தான்.

நம் ஊருக்கு இந்தக் கை வேலை புதியதன்று. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியைத் தெரிந்தவர்களுக்கு, உடலைப் பிடித்துவிடும் சித்த மருத்துவ முறையான தொக்கணம் தெரியும்; தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல் என்று ஒன்பது வகையாக அதைச் சொல்வார்கள். முன்பெல்லாம் சீசனில் குற்றாலம் போனால், உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து உருவி விடுபவர்களையும், அதன்பின் அருவிக்கடியில் தோளைக் கொடுத்து நிற்பவர்களையும் காண முடிந்தது. ஆனால் அந்தச் சுகம் பெரும்பாலும் ஆண்களுக்கே கிடைத்தது. திறந்த வெளியில் எண்ணெய் தேய்த்துக்கொள்ள எங்கள் வீட்டுப் பெண்களால் முடிந்ததே இல்லை. ‘மசாஜ்’ என்ற சொல்லுக்கே முகம் சுளிக்கும் ஊர் இது. சுடிதாரோ சேலையோ உடுத்தியபடியே, கண்ணாடிக் கதவுள்ள பொது அறையில், பெண்ணுக்குப் பெண்ணே பிடித்துவிடும் ஓர் இடம் இங்கே வந்திருப்பது எனக்குப் பெரிய காரியமாகவே படுகிறது.

அம்மாவை அழைத்துப் போனதும் அதனால்தான். நாற்பது ஆண்டுகளாகப் பீடி சுற்றும் கழுத்து அவருடையது. மடியில் சுளகை வைத்துக்கொண்டு, இலை வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் பீடி முடியும்வரை நிமிராதவர். முழங்கால் மூட்டு தேய்ந்திருப்பதால் அவரால் அந்த நாற்காலியில் கால் மடக்க முடியவில்லை. வழக்கமான நாற்காலியில் உட்காரவைத்து, மேசைமேல் இரண்டு தலையணை அடுக்கி, அதில் தலையைச் சாய்க்கச் சொல்லிப் பிடித்துவிட்டார்கள். “எம்மா, அந்த எடத்துலதான், இன்னும் கொஞ்சம் நில்லு” என்று அம்மா சொன்னபோது, அந்தப் பெண் அங்கேயே நின்றார். முடித்தபின், “பெரியம்மா, மடியில வைக்காம ஒரு மணைமேல சுளகை வச்சுச் சுத்திப் பாருங்க” என்றும் சொன்னார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். சுவரில் ஒட்டிய அட்டையில் ‘உடலின் நச்சுகள் வெளியேறும்’ என்று எழுதியிருக்கிறார்கள். கழிவை வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும் செய்யும் வேலை. தோளைப் பிடித்துவிடுவதால் அது நடப்பதில்லை. இவ்வளவு நல்ல கை வேலைக்கு அந்தப் பொய் தேவையில்லை. மாறாக, 1996இல் வெளியான மயாமிப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றை ஒட்டலாம். வாரம் இருமுறை 15 நிமிடம் வீதம் ஐந்து வாரம் நாற்காலி மசாஜ் பெற்றவர்கள் பதற்றம் குறைந்ததோடு, கணக்குகளை விரைவாகவும் குறைந்த பிழையோடும் போட்டார்கள். சிறிய ஆய்வுதான், ஆனாலும் கணக்கு எழுதும் எனக்கு அது இனித்தது. மற்றொரு குறை, கூட்டமான ஒரு மாலையில் முக மெத்தையின் காகித உறையை மாற்றாமலே என்னை உட்காரச் சொன்னது. கேட்டபின் மாற்றினார்கள். கேட்காமலே மாற்ற வேண்டிய பொருள் அது.

15 நிமிடத்துக்கு 250 ரூபாய். எனக்கு இரண்டு நாள் முழுதாகச் சுகம் இருக்கிறது. மூன்றாம் நாள் இறுக்கம் மெல்லத் திரும்புகிறது. கணினித் திரைக்கடியில் இரண்டு பழைய பேரேடுகளை வைத்து உயர்த்தியபிறகு அது நான்கு நாளாக நீண்டிருக்கிறது. மாலை ஆறு மணிக்குமேல் கூட்டம் அதிகம். பிற்பகல் மூன்று மணிக்குப் போனால் காத்திருக்க வேண்டாம். படிக்கட்டு செங்குத்தாக இருக்கிறது, கைப்பிடியும் ஒருபக்கம்தான். மூட்டுவலிக்காரர்களே அதிகம் தேடிவரும் இடம் என்பதால், கீழ்த்தளத்தில் ஓர் அறை பார்க்குமாறு உரிமையாளரிடம் சொல்லியிருக்கிறேன்.