ரொனால்டோவுக்கு நாலு மார்க் போச்சு: கணவன் மனைவி ஆட எஃப்சி 24

கணவன் மனைவி சேர்ந்து ஆட ஒரு கால்பந்து கேம் வேண்டுமென்றால் எஃப்சி 24-ஐத் தயங்காமல் வாங்கலாம். 2023 செப்டம்பரில் வந்தது. பழைய ஃபீஃபா வரிசைதான், பெயர் மாறிவிட்டது. கிராஃபிக்ஸ் ஒரு மாதத்தில் பழகிவிடும். வருஷக்கணக்கில் ஆடினாலும் சிரிப்பு வற்றாததற்குக் காரணம் வீரர்களின் திறமைக்குப் போட்டிருக்கும் மார்க், அதாவது ரேட்டிங்.

ரொனால்டோவையே எடுங்கள். ஃபீஃபா 23-இல் 90, இதில் 86.

"ஏங்க, ஒரே வருஷத்துல நாலு மார்க் குறைஞ்சவரையா எடுக்கறீங்க?"

"சரி, நீ யாரை வச்சிருக்கே?"

"ஸ்பெயின் வீராங்கனை புட்டெயாஸ். 91. உங்க எம்பாப்பேக்கும் அதே மார்க்குதான்!"

ஆண்களையும் பெண்களையும் ஒரே அணியில் இறக்க, நாமே வீரர்களைச் சேர்த்து அணி அமைக்கும் அல்டிமேட் டீம் பகுதிக்குப் போக வேண்டும். அந்த வசதி இந்தப் பதிப்பில்தான் முதலில் வந்தது, ரொம்ப நல்ல முடிவு.

ரேட்டிங்கை மட்டும் நம்பி ஆடினால் வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள். நெட்டையான வீரர்கள் பலருக்கு முதல் சில அடி மெதுவாகவும், நீண்ட ஓட்டத்தில் வேகம் கூடுகிற மாதிரியும் வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவருக்குக் காலடியில் பந்து கொடுத்தால், "உங்க ஆளு டவுன் பஸ்ஸுங்க, கியர் மாத்தறதுக்குள்ள ஸ்டாப் வந்துடுது" என்று கேட்க வேண்டிவரும். பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரில் முக்கோண பட்டனால் முன்னால் இருக்கும் காலியிடத்துக்குத் தள்ளிவிடுங்கள். எம்பாப்பேயின் வேகம் 97 என்றாலும், வேகமாக ஓடவைக்கும் ஆர்2-வை விடாமல் அழுத்தினால் கடைசி இருபது நிமிஷத்தில் அவரும் மூச்சு வாங்குவார்.

பந்தைப் பலமாக உதைக்கும் பவர் ஷாட்டுக்கு எல்1, ஆர்1, வட்டம் மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். காலை ஓங்கவே நேரம் பிடிக்கும். பக்கத்தில் எதிரணி ஆள் இருந்தால் பந்து பறிபோகும், கூடவே "நீங்க காலைத் தூக்கறதுக்குள்ள காபியே போட்டுட்டேன்" என்பதும் வரும்.

ஒருவர் நன்றாகப் பழகியவர், இன்னொருவர் புதியவர் என்றால் கிண்டல் சீக்கிரமே சண்டையாகும். ஆளுக்கொரு ப்ரொஃபைல் போடுங்கள். புதியவருக்குப் பாஸ் உதவி 'அசிஸ்டெட்' (கேம் முழுசாக உதவும்), பழகியவருக்கு 'செமி' (பாதிதான் உதவும்). அப்படியும் 5-0 ஆகிறதா? விதிகளை மாற்றி ஆடும் ஹவுஸ் ரூல்ஸ் பகுதியில் 'சர்வைவல்' ஆடுங்கள். கோல் அடித்த அணியிலிருந்தே ஒருவர் வெளியேறுவார், யார் என்பது கேமின் கையில். கோலியைத் தொடாது, அதிகபட்சம் நாலு பேர் போவார்கள். ஜெயிக்கிறவர் திணறுவதைப் பார்க்க அவ்வளவு ஜோர். இன்னொன்று: எதிராளி கோலை நெருங்கும்போது ஆட்டத்தை நிறுத்திவைக்கும் மெனுவைத் திறக்கக் கூடாது. பந்து கோட்டைத் தாண்டிய பிறகே திறப்பது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

நாளாக நாளாக, "நான் கையே வைக்கல, இவன் தானா நடக்கறான்" என்ற புகார் வந்தால் அது சாக்கு என்று தள்ளிவிடாதீர்கள். கன்ட்ரோலர் ஸ்டிக்கின் அடியில் தூசு சேர்ந்தாலும், உள்ளே அதன் அசைவை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்தாலும் அப்படித்தான் ஆகும். கன்ட்ரோலரை அணைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பட்ஸால் ஸ்டிக்கைச் சுற்றித் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள். தேய்மானம் என்றால் துடைத்துப் பயனில்லை, ஸ்டிக்கை மாற்றத்தான் வேண்டும்.