கலாபகோஸ்: 16 பேர் படகா, 90 பேர் கப்பலா? அதற்கு முன் கிழக்கா, மேற்கா?

பசிபிக் கடலில், தென் அமெரிக்க நாடான ஈக்வடாருக்குச் சொந்தமான கலாபகோஸ் தீவுகளுக்குப் போவதென்று முடிவெடுத்தவர்கள் முதலில் கேட்பது "எந்தக் கப்பல் நல்லது?" என்றுதான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். மூன்று வாரம் கேபின் படங்களாகப் பார்த்துத் தள்ளிவிட்டு, ஒரு படகுக்கு முன்பணமும் கட்டிவிட்டேன். விளம்பரத்தில் "மேற்குத் தீவுகள், இசபெலா" என்று போட்டிருந்தார்கள். நாள்வாரியான பயணத் திட்டம் கைக்கு வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்தப் படகு இசபெலாவின் தென்கோடியில் இருக்கும் புவெர்ட்டோ வில்லாமில் ஊரைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடும். நான் ஆசைப்பட்ட பெர்னாண்டினா தீவு அதில் இல்லவே இல்லை. பதிவை ரத்து செய்ததில் முன்பணத்தில் பாதி போனது.

அதற்குப் பிறகு இரண்டு முறை போய் வந்திருக்கிறேன். ஒரு ஆகஸ்டில் 16 பேர் போகும் கேட்டமரானில் மேற்குச் சுற்று. இன்னொரு முறை நவம்பரில், அம்மாவைக் கூட்டிக்கொண்டு, 90 பேர் போகும் கப்பலில் கிழக்குச் சுற்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: வழியை முதலில் முடிவு செய்யுங்கள், கப்பலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அதற்குக் காரணம் ஒரு விதி. ஈக்வடார் கரையிலிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இந்தத் தீவுக்கூட்டத்தின் நிலப்பரப்பில் 97 சதவீதம் தேசியப் பூங்கா. 1959-இல் அறிவித்தார்கள். எந்தக் கப்பல் எந்த நாளில் எந்த இடத்தில் ஆளை இறக்கலாம் என்பதைப் பூங்கா நிர்வாகம்தான் தீர்மானிக்கிறது. 2012 முதல், ஒரு கப்பல் ஒரே இடத்துக்கு 14 நாளுக்குள் இரண்டாவது முறை போகக்கூடாது. ஒருசில இடங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதனால் கப்பல்காரர்கள் இரண்டு வாரச் சுற்று ஒன்றைப் போட்டு, அதை இரண்டாக, சிலர் மூன்று நான்காகக்கூட, வெட்டி விற்கிறார்கள். ஒரே கப்பல் இந்த வாரம் மேற்கே போகும், அடுத்த வாரம் கிழக்கே போகும். கப்பலின் பெயரை மட்டும் பார்த்துப் பதிவு செய்தால், எந்த வாரம் நம் தலையில் விழும் என்பது அதிர்ஷ்டம்தான்.

சரி, கிழக்கா மேற்கா?

மேற்கு என்றால் இசபெலாவின் மேற்குக் கரையும் பெர்னாண்டினாவும். ஆழத்திலிருந்து வரும் குரோம்வெல் நீரோட்டம் இந்தத் தீவுகளின் மேல் மோதி மேலெழும்புகிறது. அதனால் கடல் குளிர்ந்து, மீன் வளம் கொழிக்கிறது. பூமத்திய ரேகை மேலேயே பென்குயின் வாழ்வதற்குக் காரணம் இந்தக் குளிர்நீர்தான். பறக்காத நீர்க்காகமும் இங்கேதான். உலகில் வேறெங்கும் கிடையாது. மொத்தமே சுமார் 2,000 பறவைகள். நம்மூர் ஏரியில் இறக்கையை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகத்தைப் பார்த்திருப்பீர்கள். இதுவும் அதே மாதிரி விரிக்கிறது. ஆனால் விரிப்பதற்கு இறக்கை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, கிழிந்த குடைத்துணி போல இரண்டு துண்டுகள்தான். பெர்னாண்டினாவின் புந்தா எஸ்பினோசாவில் ஓர் ஆண் பறவை கடலுக்குள்ளிருந்து ஏறி வந்தது, அலகில் ஈரம் சொட்டும் கடற்பாசி. எங்கள் ஷூவுக்கு ஒரு கஜ தூரத்தில் நடந்து போய், கூட்டில் இருந்த பெட்டையிடம் நீட்டியது. பெட்டை அதை வாங்கி, தலையைச் சாய்த்துப் பார்த்து, கூட்டின் ஓரத்தில் செருகி, ஒரு தட்டு தட்டியது. பக்கத்தில் எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை மேல், நூற்றுக்கணக்கில் கடல் இகுவானா என்னும் பெரும்பல்லிகள் ஒன்றின் மேல் ஒன்று படுத்து, மூக்கு வழியே உப்புநீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தன. விலங்குகளிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. நாம் தள்ளித்தான் நிற்கிறோம், அவைதான் தேடிக்கொண்டு வருகின்றன.

பெர்னாண்டினாவின் லா கும்ப்ரே எரிமலை 2024 மார்ச்சில்கூட வெடித்தது. அழிந்துவிட்டதாக நினைத்திருந்த அந்தத் தீவின் நில ஆமை இனத்தில், 2019-இல் ஒரே ஒரு பெண் ஆமை கண்டெடுக்கப்பட்டதும் அங்கேதான்.

கிழக்கின் பெருமை எஸ்பனோலா. அலை வரி ஆல்பட்ராஸ் என்னும் பெரும் பறவையின் கிட்டத்தட்ட மொத்த இனமும் இந்த ஒரே தீவில்தான் முட்டையிடுகிறது. ஏப்ரலில் வந்து டிசம்பரில் கிளம்பிவிடும். இரண்டு மீட்டருக்கு மேல் விரியும் இறக்கை, ஆனால் நடை மட்டும் கல்லிலும் முள்ளிலும் தட்டுத் தடுமாறித்தான். புந்தா சுவாரெஸ் செங்குத்துப் பாறையின் விளிம்பு வரை அப்படியே தள்ளாடி வந்து, ஒரு கணம் நின்று, காற்றில் சாய்ந்து விழுந்தது ஒன்று. விழுந்த இடத்திலிருந்து இறக்கையை ஒருதரம்கூட அடிக்காமல் எங்கள் கண்மட்டத்துக்கு ஏறி வந்தது. நான் கேமராவைத் தூக்கவே மறந்துபோனேன்.

ஆமைகள் கதையும் எஸ்பனோலாவில் உண்டு. ஒரு காலத்தில் அந்தத் தீவின் இனத்தில் எஞ்சியவை வெறும் 14. அமெரிக்காவின் சான் டியேகோ விலங்குக் காட்சியகத்திலிருந்து வந்த டியேகோ என்ற ஆணையும் சேர்த்து 15-ஐ வைத்து இனத்தைப் பெருக்கினார்கள். 2020 ஜூனில் அந்த 15-ம் சொந்தத் தீவுக்கே திரும்பின.

பல கிழக்குச் சுற்றுகளில் வடகிழக்கே தனியாகக் கிடக்கும் கெனோவேசாவும் சேரும். சிவப்புக்கால் பூபி என்னும் கடற்பறவைகளுக்கு அதை விட்டால் வேறு இடம் தேட வேண்டாம். பட்டப்பகலில் வேட்டையாடும் ஆந்தையும் உண்டு. ஆனால் அங்கே போக இரவு முழுக்கத் திறந்த கடலில் ஓட வேண்டும். எங்கள் திட்டத்தில் அது இல்லை, அதனால் இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

எனக்கு மேற்குதான் ஒரு படி மேல். ஏப்ரல் முதல் டிசம்பருக்குள் போகிறீர்கள், பறவைதான் உங்கள் உயிர் என்றால் கிழக்கு. ஜனவரி முதல் மார்ச் நடுவரைக்குள் என்றால் ஆல்பட்ராஸ் இருக்காது, கண்ணை மூடிக்கொண்டு மேற்கைச் சொல்வேன்.

இப்போது கப்பலுக்கு வரலாம். கலாபகோஸில் எந்தக் கப்பலும் 100 பயணிகளுக்கு மேல் ஏற்ற முடியாது. ஒரு வழிகாட்டிக்கு 16 பேருக்கு மேல் கூடாது. இந்த இரண்டு எண்களால்தான் பெரும்பாலான கப்பல்கள் ஒன்று 16-ஐ ஒட்டி இருக்கின்றன, அல்லது 40-48, அல்லது 90-100.

16 பேர் படகின் சுகம், எல்லோரும் ஒரே குழு. ரப்பர் படகில் ஏறினால் ஐந்து நிமிடத்தில் கரை. முறை வரட்டும் என்று காத்திருப்பதில்லை. இரண்டாம் நாள் சமையல்காரருக்கு நான் மிளகாய் கேட்பவள் என்று தெரிந்துவிட்டது, தனிக் கிண்ணமே வந்தது. ஆனால் வழிகாட்டி ஒருவர்தான். அவர் ஆங்கிலம் புரியவில்லை என்றாலும், நடையில் ஒருவர் பின்தங்கினாலும், எட்டு நாளும் அதுதான். எங்களுக்கு அருமையான ஒருவர் வாய்த்தார்.

ஆட்டம்தான் பெரிய குறை. கட்டுமரம் என்ற நம் சொல்லிலிருந்து வந்ததுதான் கேட்டமரான். இரண்டு அடிப்பாகம் இருப்பதால் ஒற்றை அடிப்பாகப் படகைவிட இடவசதி அதிகம், பக்கவாட்டில் உருள்வதும் குறைவு. ஆனாலும் ஆகஸ்டில், இசபெலாவின் வடமுனையைச் சுற்றிப் பூமத்திய ரேகையைத் தாண்டிய இரவில், நான்கு பேர் சாப்பாட்டு மேசைக்கே வரவில்லை. என் கேபின் மேல்தளத்தில், பெரிய ஜன்னலோடு இருந்தது. அதற்குத்தான் கூடுதல் பணம் கொடுத்திருந்தேன், ஆனால் மேல்தளம்தான் அதிகம் ஆடும். கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் கீழ்த்தளத்தில், நடுவில் இருக்கும் கேபினைக் கேளுங்கள். இன்ஜின் சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், ஆனால் தூங்கலாம்.

90 பேர் கப்பலில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைகிறது. மருத்துவரும் இருந்தார். அம்மாவுக்கு 71 வயது, இரண்டு முட்டியிலும் வலி. அவருக்காகத்தான் இந்தக் கப்பலையே எடுத்தேன். ஆறு வழிகாட்டிகள் இருந்ததால் ஒவ்வொரு இடத்திலும் நீண்ட நடை ஒன்று, குறுகிய நடை ஒன்று என்று பிரித்தார்கள். புந்தா சுவாரெஸில் நான் பாறைப் பாதையில் போக, அம்மா இறங்குமிடத்துக்குப் பக்கத்திலேயே மெதுவாகச் சுற்றும் குழுவில் இருந்தார். திரும்பி வந்தால், சிவப்பும் பச்சையுமாக ஒரு கடல் இகுவானா அவர் கைத்தடிக்கு முன்னால் வெயில் காய்ந்தபடி கிடக்கிறது. "இங்க பாரு, நம்மள ஒரு பொருட்டாவே மதிக்கல" என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம். 16 பேர் படகில் போயிருந்தால் அன்று அவர் படகிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

விலை கொடுக்க வேண்டியது நேரத்தில். காலை இறக்கத்துக்குக் குழுக்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புகிறார்கள். கடைசிக் குழு கரை ஏறும்போது வெயில் ஏறிவிடும். குழுவின் வரிசையை தினமும் மாற்றுகிறார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. நடுத்தரமான 40-48 பேர் கப்பலில் நான் போனதில்லை. ஆனால் வழிகாட்டிகள் மூன்று பேர், ஆட்டமும் ஓரளவு குறைவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், வயதானவர்களோடு போகும் குடும்பத்துக்கு அதுதான் சரியான அளவாகப் படுகிறது.

விலையைப் பொறுத்தவரை, எட்டு நாளுக்கு ஓர் ஆளுக்கு ஏறத்தாழ 3,000 டாலரில் ஆரம்பித்து 10,000-ஐத் தாண்டிப் போகும். அதில் பெரும்பாலும் சேராதவை: ஈக்வடார் பெருநிலத்திலிருந்து விமானம், குளிர்நீரில் நீந்தப் போடும் உடுப்பின் (வெட்சூட்) வாடகை, பூங்காக் கட்டணம். இந்தக் கட்டணத்தை 2024 ஆகஸ்டில் 100 டாலரிலிருந்து 200 ஆக்கிவிட்டார்கள். அதோடு 20 டாலர் பயண அட்டை. தனியாகப் போகிறவர்கள் ஒற்றை ஆள் கூடுதல் கட்டணத்தைத் தவறாமல் கேளுங்கள். சில படகுகளில் அது பாதி விலைக்கு வந்து நிற்கும்.

நாள் கணக்கிலும் கவனம் வேண்டும். "5 நாள்" என்றால் முதல் நாள் மதியம் ஏறி, கடைசி நாள் காலையில் இறங்குவது; முழு நாள் மூன்றுதான் கிடைக்கும். அவ்வளவு தூரம் போய்விட்டு மூன்று நாளில் திரும்புவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை, எட்டு நாளுக்குக் குறைந்து வேண்டாம். கிளம்பும் நாளுக்கு முந்தைய இரவே, தீவுகளுக்கு விமானம் ஏறும் ஈக்வடார் நகரங்களான கீட்டோவிலோ குவாயாகிலிலோ இருந்துவிடுங்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது.

கப்பலே வேண்டாம், ஊரில் தங்கிக்கொண்டு பகல் படகில் போய்வரலாமே என்பவர்களும் உண்டு. மேற்குச் சுற்று முடிந்ததும் மூன்று நாள் சாந்தா குரூஸ் தீவின் புவெர்ட்டோ அயோராவில் தங்கினேன். செலவு வெகு குறைவு. மேட்டு நிலத்துப் புல்வெளியில் பெரிய ஆமைகளைப் பார்க்கலாம். மீன் சந்தையில் கடற்சிங்கம் ஒன்று கல்மேடை ஓரம் நின்று மீன் வெட்டும் அம்மாவின் முழங்கையை முகர்ந்துகொண்டிருக்கும். வட சீமோர் தீவுக்குப் பகல் படகில் போய் நீலக்கால் பூபிகளையும் ஃபிரிகேட் பறவைகளையும் பார்த்துவிடலாம். ஆனால் பெர்னாண்டினா, கெனோவேசா போன்ற தூரத் தீவுகளுக்கு இது வழியல்ல. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கும், கடல் அறவே ஆகாதவர்களுக்கும் இதைத் தைரியமாகச் சொல்வேன்.

மாதம்? ஜூன் முதல் நவம்பர் வரை குளிர்காலம்: தூறல், மேகம், கடல் கொந்தளிப்பு, மேற்கே தண்ணீர் 18 டிகிரிக்கும் இறங்கும், ஆனால் நீருக்கடியில் உயிர்க்கூட்டம் அதிகம். டிசம்பர் கடைசியிலிருந்து மே வரை வெயில், இடையிடையே மழை, அமைதியான கடல். ஏப்ரல் கடைசியும் மே மாதமும் எல்லாவற்றுக்கும் ஒத்துவரும்: கடலும் அடங்கியிருக்கும், ஆல்பட்ராஸும் வந்திருக்கும்.

அம்மா இன்னும் பறக்காத நீர்க்காகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த மே மாதத்துக்கு, 48 பேர் கப்பல் ஒன்றின் மேற்குச் சுற்றை விசாரித்துக்கொண்டிருக்கிறேன். புந்தா எஸ்பினோசாவின் கரும்பாறை அவர் முட்டிக்கு ஆகாது. ரப்பர் படகில் உட்கார்ந்தபடியே கூடுகளைக் காட்டும் கரையோரச் சுற்று எந்தெந்த நாளில் உண்டு என்று நாள்வாரித் திட்டத்தைக் கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வந்த பிறகுதான் முன்பணம்.