ராக்கெட் நகரமா, ஆற்றங்கரை நகரமா: ஹண்ட்ஸ்வில்லும் சட்டனூகாவும்

அட்லாண்டாவின் நெரிசல் வேண்டாம், அதற்காக ஆளரவமற்ற ஊரிலும் குடியேற மனமில்லை என்று சொல்பவர்களிடம் நான் வழக்கமாகக் கூறும் பெயர்கள் இரண்டு: அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள ஹண்ட்ஸ்வில், டென்னசி மாநிலத்திலுள்ள சட்டனூகா. 2020 கணக்கெடுப்பின்படி முன்னதில் சுமார் 2.15 லட்சம் பேரும் பின்னதில் 1.81 லட்சம் பேரும் வசித்தனர். இடையே ஏறக்குறைய நூறு மைல் தொலைவு; இரண்டையும் தொட்டு ஓடுவது டென்னசி ஆறு. இருந்தும் குணத்தில் இவை ஒன்றுக்கொன்று ஒட்டாதவை.

பருத்தி ஆலைகளை நம்பியிருந்த சிற்றூரான ஹண்ட்ஸ்வில்லை மாற்றியது மத்திய அரசு. 1950இல் ஜெர்மானிய ராக்கெட் பொறியாளர் வெர்னர் வான் பிரவுனின் குழு அங்குள்ள ராணுவத் தளத்துக்கு வந்தது. 1960இல் நாசாவின் மார்ஷல் விண்வெளி மையம் உருவானது. மனிதனை நிலவுக்கு அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட் இங்கேதான் வடிவமைக்கப்பட்டது. நெடுஞ்சாலையில் நகருக்குள் நுழையும்போது, அந்த ராக்கெட்டின் 363 அடி உயர மாதிரி நம்மூர் ராஜகோபுரத்தைப் போல வெகு தொலைவிலேயே கண்ணில் படும். பொறியாளர்களுக்கு இங்கே வேலைக்குக் குறைவில்லை. ஆனால் நம்மவர்கள் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு: பாதுகாப்புத் துறை சார்ந்த பணிகளில் பெரும்பாலானவை அமெரிக்கக் குடியுரிமையைக் கட்டாயமாகக் கேட்பவை. எச்1பி வேலை விசாவில் இருப்பவருக்கு அந்தப் பெரிய சந்தையின் பாதிக் கதவுகள் சாத்தியே இருக்கும்.

சட்டனூகாவின் கதை வேறு. 1969இல் நாட்டிலேயே மிக மோசமான காற்று உள்ள நகரம் என்று பெயர் வாங்கிய ஊர் அது. மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் ஆலைப் புகை அப்படியே தேங்கி நின்றது. ஆலைகள் பல மூடப்பட்ட பிறகு, ஊர்க்காரர்களே கூடிப் பேசி ஆற்றங்கரையை மீட்டெடுத்தார்கள். 1992இல் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. இடிக்கப்படவிருந்த பழைய இரும்புப் பாலம் 1993இல் நடப்பவர்களுக்கு மட்டுமான பாலமாயிற்று. ஒரு மார்ச் மாலையில் நான் அதன் மரப்பலகைகளின் மீது நடந்தபோது, கைப்பிடிக் கம்பியெங்கும் பைன் மரங்களின் மஞ்சள் மகரந்தம் படிந்திருந்தது. தும்மிக்கொண்டேதான் அக்கரை சேர்ந்தேன். நடப்பதற்கென்றே வெளியே கிளம்பத் தூண்டும் இத்தகைய இடம் ஹண்ட்ஸ்வில்லில் எனக்குக் கிடைக்கவில்லை. அங்கே பால் வாங்கவும் கார்தான்.

நகராட்சிக்குச் சொந்தமான மின் நிறுவனம் 2010இலேயே ஊர் முழுவதும் கண்ணாடியிழை வழியாக அதிவேக ஜிகாபிட் இணையம் கொடுத்தது சட்டனூகாவின் இன்னொரு பெருமை. அதே கண்ணாடியிழை வலையமைப்பைக் கொண்டு, புயலில் கம்பி அறுந்தால் மின்சாரத்தை வேறு வழியில் திருப்பிவிடும் தானியங்கி ஏற்பாட்டையும் செய்திருக்கிறார்கள். சூறாவளிப் பகுதியில் இது சிறிய வசதியன்று. 2011 ஏப்ரலில் பெருஞ்சூறாவளிகள் உயர்மின் தடங்களைச் சாய்த்தபோது ஹண்ட்ஸ்வில் வட்டாரம் பல நாட்கள் இருளில் கிடந்தது. அன்று சாய்ந்தவை ஊருக்கு மின்சாரம் கொண்டுவரும் பெருந்தடங்கள் என்பதால், ஊருக்குள் எந்த ஏற்பாடு இருந்திருந்தாலும் அதனால் முழுவதும் தடுத்திருக்க முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வரியில் டென்னசி சம்பளத்தைத் தொடுவதில்லை. அலபாமா 5 சதவீதம் வரை பிடித்துக்கொள்கிறது, ஆனால் அங்கே சொத்து வரி மிகக் குறைவு. ஆகவே வாடகை வீட்டில் இருப்பவருக்குச் சட்டனூகாவும், சொந்த வீடு வாங்கி நிலைத்துவிட எண்ணுபவருக்கு ஹண்ட்ஸ்வில்லும் கணக்கில் சற்றுச் சாதகமாக இருக்கும். விற்பனை வரி இரண்டிலும் 9 சதவீதத்தை ஒட்டியே இருப்பதால் கடைகளில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஊருக்குப் போக அட்லாண்டா விமான நிலையத்தை நம்பியிருப்பவர்களுக்கோ, சட்டனூகாவிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம், ஹண்ட்ஸ்வில்லிலிருந்து ஏறக்குறைய நான்கு.

குடியுரிமை பெற்ற விண்வெளிப் பொறியாளர் கேட்டால் நான் தயங்காமல் ஹண்ட்ஸ்வில் என்பேன். விசாவில் இருக்கும் மென்பொருள்காரருக்கு, காப்பீட்டு நிறுவனங்களின் தலைமையகங்கள் உள்ள சட்டனூகாவே பொருத்தம். கணவன் ஓர் ஊரிலும் மனைவி மற்றதிலும் வேலை பார்க்கும் ஒரு தம்பதியை அறிவேன். இரு ஊர்களுக்கும் கடிகாரத்தில் ஒரு மணி நேர வித்தியாசம் இருப்பதால், வெள்ளி மாலை சட்டனூகாவுக்குப் புறப்படும் கணவர் இரவுச் சாப்பாட்டுக்கு எப்போதும் தாமதம்தான்.