பேரல் மாற்றப் போனவன், மாற்றாமல் திரும்பிய கதை: சிவாஜிநகர் துப்பாக்கி ரிப்பேர் கடை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், துப்பாக்கியின் பேரலை (குண்டு பாயும் குழாய்) மாற்றவில்லை. மாற்றுவதற்காகத்தான் கிளம்பினேன். வேறொரு ஊர்க் கடையில் 48,000 ரூபாய் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். முன்பணத்தைப் பேங்கிலிருந்து எடுத்துக்கூட வைத்துவிட்டேன். எதற்கும் இன்னொருவரிடம் காட்டலாமே என்று பெங்களூரு சிவாஜிநகரில் ஒரு சந்துக்குள் இருக்கும் ரிப்பேர் கடைக்குப் போனேன். 4,200 ரூபாயில் வேலை முடிந்தது. கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று கடைக்காரர் பாய் கேட்டுக்கொண்டார். "எழுதுங்க ஸார், ஆனா பேரு வேணாம். கூட்டம் வந்தா வேலை யாரு செய்யறது?" என்றார். அவருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். கடையில் அவரும் ஒரு பேரனும் மட்டும்தான்.

துப்பாக்கியைப் பற்றி. பி.எஸ்.ஏ. கம்பெனியின் .315 போல்ட் ஆக்‌ஷன், பின்னால் இருக்கும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளிச் சுடும் ரைஃபிள், பர்மிங்காமில் செய்தது. அப்பா ஏற்காட்டில் காபி எஸ்டேட் மேனேஜராக இருந்தபோது, சீமைக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரரிடம் 1961-இல் வாங்கினார். .315 என்பது பேரல் துளையின் அளவு, 8 மில்லிமீட்டரை அங்குலத்தில் சொல்வதுதான். .303 பட்டாளத்துத் தோட்டா என்பதால் பொதுமக்களுக்கு அது கிடையாது. அதே பட்டாளத்து லீ-என்ஃபீல்டு வகை உடம்பில் ஆஸ்திரிய 8 மி.மீ. தோட்டாவுக்கு அறை (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) வெட்டி விற்றார்கள். இன்றைக்கும் மேற்கு வங்கத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் .315 துப்பாக்கி செய்கிறார்கள் என்பதால்தான் இந்தக் கிழத் துப்பாக்கிக்குத் தோட்டா கிடைக்கிறது. அப்பா காலத்தில் காட்டுப்பன்றிக்கு. 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு அது சுவரில் தொங்கியது. அப்பா போன பிறகு வாரிசு முறையில் என் பெயருக்கு மாறியது. நான் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை ரேஞ்சில் காகிதத்தைச் சுடுவதோடு சரி.

பிரச்சினை தேர்தலில் ஆரம்பித்தது. 2023-இல் சட்டமன்றத் தேர்தல், 2024-இல் மக்களவைத் தேர்தல். லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், தேர்தல் நடத்தை விதி வந்ததும் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்வார்கள். இரண்டாம் முறை மார்ச் முதல் ஜூன் வரை ஒரு கடையின் பாதுகாப்பில் இருந்தது. திரும்பி வந்தபோது பேரலைத் தாங்கும் மரக்கட்டையின் முன்பகுதி ஊறி, பேரல் ஓரத்தில் செம்பழுப்பாய்த் துரு. அந்தக் கடைக்காரரிடம் கேட்டேன். "மழைக்காலம் ஸார்" என்றார். மழை எனக்கும்தான் பெய்தது.

ரேஞ்சில் போய் ஐம்பது மீட்டரில் மூட்டையில் சாய்த்து ஐந்து சுட்டேன். ஒரு சாணுக்கு மேல் சிதறல். முன்பும் இது பெரிய குறி வைக்கும் துப்பாக்கி இல்லை. ஆனால் இவ்வளவு மோசமும் இல்லை.

நான் எச்.எம்.டி.யில் 27 வருடம் லேத் ஓட்டியவன். அளக்காமல் எதையும் நம்ப மாட்டேன். அல்சூர் மார்க்கெட்டில் தூண்டில் ஈயக்குண்டு ஒன்று வாங்கி, தட்டி உருட்டி, எண்ணெய் தடவி, போல்ட்டைக் கழற்றிவிட்டு அறைப் பக்கத்திலிருந்து மரக்குச்சியால் தள்ளினேன். குண்டைச் சுழல வைக்கப் பேரலுக்குள் சுருளாக வெட்டியிருக்கும் வரிகளின் அச்சு ஈயத்தில் விழும், அதை அளந்தால் பேரலின் உள்விட்டம் தெரியும். இதில் ஒரு சிக்கல் உண்டு. என் பேரலில் ஐந்து வரி. பள்ளத்துக்கு நேர் எதிரே மேடு வருவதால் சாதாரண மைக்ரோமீட்டரில் அளவு கிடைக்காது. ஐந்து பல் ரீமரை (துளையைச் சீராக்கும் கருவி) அளக்கிற, V வடிவத் தாங்கி உள்ள 108 டிகிரி வீ-ஆன்வில் மைக்ரோமீட்டர் வேண்டும். ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் வீட்டில் அது சும்மாவே கிடந்தது.

ஆனால் மைக்ரோமீட்டருக்கு முன்னாலேயே கை சொல்லிவிட்டது. ஈயம் பேரல் நெடுகிலும் ஒரே பிடியாக, பிடிவாதமாக நகர்ந்தது. பேரலின் வாய்க்கு, அதாவது குண்டு வெளியேறும் முனைக்கு, ஒன்றரை அங்குலம் இருக்கும்போது திடீரென்று பிடி விட்டுப்போய், குச்சி கையோடு முன்னால் ஓடியது. பேரலின் வாய் விரிந்திருக்கிறது. நான் அதோடு பேரல் போச்சு என்று முடிவு கட்டினேன். லேத்காரன் புத்தி, தேய்ந்த பாகம் என்றால் மாற்று. 48,000 ரூபாய் விலை கேட்டது இதற்குப் பிறகுதான்.

பாய் கடையில் நடந்தது வேறு. துப்பாக்கியை வாங்கி லைசென்சோடு நம்பரை ஒத்துப் பார்த்தார், ரிஜிஸ்டரில் எழுதினார், கையெழுத்து வாங்கினார். பிறகு பேரலைப் பார்ப்பார் என்று நினைத்தேன். "பழைய லைசென்ஸ் புக்கு எல்லாம் இருக்கா ஸார்?" என்று கேட்டார். எதற்கு என்று புரியவில்லை. மறுநாள் அப்பாவின் மூன்று புத்தகங்களையும் என்னுடையதையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். தோட்டா வாங்கும்போதெல்லாம் கடைக்காரர் அதில் தேதி, எண்ணிக்கை எழுதி முத்திரை குத்துவார். பேரன் கால்குலேட்டரில் கூட்டினான். 1961 முதல் இன்றுவரை வாங்கியது மொத்தம் 640.

"வெள்ளைக்காரர் இதைவிட ரெண்டு மடங்கு சுட்டார்னு வச்சுக்குவோம். ரெண்டாயிரம் வராது. இந்தத் தோட்டா ஒண்ணும் பெரிய அழுத்தம் இல்ல. சுட்டுத் தேய்ஞ்ச பேரல் இல்ல ஸார் இது" என்றார்.

வீட்டில் பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருந்த காகிதத்தில் பதில் இருந்திருக்கிறது. நான் ஈயக்குண்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஒன்று கவனித்தேன். 1972-க்குப் பிறகு பதினோரு வருடம் அப்பாவின் புத்தகத்தில் ஒரு முத்திரை கூட இல்லை.

பேரன் செல்போனில் மாட்டும் மெல்லிய கேமராவை உள்ளே விட்டான். அறைக்கு முன்னால் அம்மைத் தழும்பு மாதிரி கறுப்புப் புள்ளிகள், நடுவில் தாமிரம் படிந்த கோடுகள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. "அந்தக் கேமராவுல பார்த்தா என் மூஞ்சியும் இப்படித்தான் தெரியும்" என்றார் பாய். அந்தப் புள்ளிகள் பழைய தோட்டாவின் கேப்பால் (மருந்தைப் பற்றவைக்க அடியில் இருக்கும் சிறு மூடி) வந்தவை. அதில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும், வெடித்த பிறகு உப்பாகப் படியும், காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவாக்கும். எண்ணெய்க்கு அது கரையாது, தண்ணீருக்குத்தான் கரையும். அப்பாவுக்கு இது தெரியும். பன்றி வேட்டை முடிந்து வந்த இரவுகளில் அம்மாவின் காபி கெட்டிலில் கொதிநீர் வைத்துப் பேரலில் ஊற்றுவார், நான் புனல் பிடிப்பேன். அதனால்தான் அறைப் பக்கம் இந்த அளவுக்காவது தப்பித்தது. ஆனால் போல்ட்டைக் கழற்ற அலுப்புப்பட்டு, இரும்புக் கம்பியை எப்போதும் வாய்ப் பக்கத்திலிருந்தே விட்டுத் தேய்ப்பார். வாய் விரிந்தது அதனால். தேய்த்தது தோட்டா இல்லை, அப்பாவின் சுத்தம்.

அடுத்து பாய் ஒரு காது குடையும் பஞ்சுக்குச்சியை எடுத்தார். வாய்க்குள் விட்டு, விளிம்பை உரசியபடி மெதுவாக வெளியே இழுத்தார். நான்கு பக்கம் வழுக்கிக்கொண்டு வந்தது. ஐந்து மணி முள் இருக்கும் இடத்தில் மட்டும் பஞ்சு இழை இழையாய்ச் சிக்கி நின்றது. கண்ணாடி போட்டுப் பார்த்தும் எனக்குத் தெரியாத ஒரு பிசிறு அது. குண்டு வெளியேறும் கணத்தில் பின்னாலிருந்து வரும் வாயு சுற்றிலும் ஒரே சமயத்தில் பிரிய வேண்டும். ஒரு பக்கம் முந்திக்கொண்டால் குண்டின் வால் தள்ளப்படும். அங்கேயே குறி கெட்டது.

சரி, அந்த ஒன்றரை அங்குலத்தை வெட்டிவிடலாமே என்றேன். பாய் கையை உதறினார். பேரலைக் குட்டையாக்குவதற்கு ஆயுதச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது, அதற்குத் தனி அனுமதி வேண்டும். குறி பார்க்க உதவும் முன்குறியும் வாய் அருகேதான் பற்றவைத்திருக்கிறது. "வெளிய ஒரு நூல்கூடக் குறையக் கூடாது, உள்ள வேலை பார்ப்போம்." தேய்ந்த பகுதியில் வரிகளை உள்ளுக்குள் அகலமாகக் கடைந்து எடுத்துவிடுவது, நல்ல வரி முடியும் இடத்தில் புது விளிம்பு அமைப்பது. வெளியிலிருந்து பார்த்தால் நீளம் அதே, முன்குறி அதே இடம். குண்டுக்கு மட்டும் பேரல் ஒன்றரை அங்குலம் முன்னதாகவே முடிந்துவிடும்.

பேரல் மாற்றத்தை அவர் மறுத்த காரணங்கள் எனக்கு இதைவிடப் பிடித்திருந்தன. இந்த வகை உடம்பில் பேரலைக் கழற்ற முரட்டுப் பிடி வேண்டும், கொஞ்சம் தப்பினாலும் உடம்பு முறுக்கிக்கொள்ளும். புதுப் பேரல் திருகி இறுகி நிற்கும் இடத்தில் குறி சரியாக மேலே வர வேண்டும், தோட்டாவை வெளியே இழுக்கும் கொக்கிக்காக அறையில் இருக்கும் ஓர வெட்டு சரியான பக்கம் வர வேண்டும். சுடும்போது போல்ட்டைப் பூட்டி நிறுத்தும் அடைப்புக் காதுகள் அதன் பின்பக்கம் இருப்பவை. அங்கே தேய்மானம் இருந்தால் புதுப் பேரல் போட்டும் பிரயோஜனமில்லை. (கேஜ் வைத்துப் பார்த்தார். தோட்டா விளிம்பு உட்காரும் இடைவெளி சரியாகவே இருந்தது.) பேரல் அழுத்தம் தாங்கும் என்று சோதித்துக் குத்திய பர்மிங்காம் முத்திரையும் பேரலோடு போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலே, பேரலும் சட்டப்படி ஆயுதத்தின் பாகம். "அந்த ஊர்க் கடையில பேரல் எங்கேர்ந்து வருது, பில்லு உண்டா, நம்பர் எப்படிப் பதிவாகும்னு கேட்டீங்களா?" கேட்கவில்லை. அன்று சாயங்காலம் போன் போட்டுக் கேட்டேன். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். முன்பணம் என் பையிலேயே இருந்துவிட்டது.

கட்டை வேலையும் இருந்தது. பத்து ரூபாய் நோட்டை மடிக்காமல் பேரலுக்கும் கட்டைக்கும் நடுவே நுழைத்துப் பார்த்தார், இடது பக்கம் நகரவே இல்லை. ஊறி உப்பிய மரம் பேரலை ஒரு பக்கமாய் நெட்டிக்கொண்டிருந்தது. திடீரென்று சிதறல் கூடியது இதனால்தான். வாய் விரிந்தது பல வருட நோய், கட்டை உப்பியது தேர்தல் நோய். உலர வைத்து, தேய்க்க வேண்டியதைத் தேய்த்து, உள்பக்கம் எண்ணெய் ஊற்றி அடைத்தார்.

இனி குறைகள். இரண்டு வாரம் என்றார், ஏழு வாரம் ஆனது. போன் எடுக்க மாட்டார், பேரன் எடுத்தால் "தாத்தா தொழுகைக்குப் போயிருக்கார்" என்பான், எந்த நேரத்தில் கூப்பிட்டாலும். பகல் பதினொன்றரைக்கு முன் கடை திறக்காது. ரொக்கம் மட்டும்தான், போனில் பணம் அனுப்புகிற பேச்சே இல்லை. வாய் முனையில் கறுப்பு மெருகு புதிதாகப் போட்டிருக்கிறார், பழைய பழுப்போடு ஒட்டவில்லை. கால் கருப்பு, சாக்ஸ் நீலம் மாதிரி தெரிகிறது. அதைக்கூட மன்னிப்பேன். டிரிகர் காப்புத் திருகின் தலையைச் சிராய்த்து வைத்திருக்கிறார். அறுபது வருடம் அப்பாவும் நானும் கீறாமல் காத்த காடி (ஸ்க்ரூடிரைவர் இறங்கும் வெட்டு) அது. அந்தக் காலத்து ஆங்கிலத் திருகுகளின் காடி ரொம்ப மெல்லிசு, கடையில் விற்கும் ஸ்க்ரூடிரைவர் முனை அதில் முழுக்க இறங்காது. இவ்வளவு நுணுக்கம் பேசும் மனிதர் இதில் கோட்டை விட்டது எனக்கு ஆறவே இல்லை. சொன்னேன். "இருக்கட்டும் ஸார், நூறு ரூபா கம்மி பண்ணிக்கிறேன்" என்றார். நூறு ரூபாய்க்காகவா சொன்னேன்?

போன மாதம் ரேஞ்சுக்குப் போனேன். அதே ஐம்பது மீட்டர், அதே மூட்டை, அதே பெட்டித் தோட்டா. ஐந்தும் நான்கு விரல் அகலத்துக்குள். அப்புறம் இன்னொரு ஐந்து, சந்தேகத்துக்கு. அதில் ஒன்று தள்ளிப் போனது, அது என் கண். இரும்புக் குறியில் அறுபத்தாறு வயதில் இதற்கு மேல் கேட்பது பேராசை.

பேரல் மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பேரல் எங்காவது உப்பியிருந்தால், அறைக்குள் வெடிப்பு தெரிந்தால், சுட்ட வெற்றுத் தோட்டா குழியில் சிக்கி வெளியே வர மறுத்தால் வேறு வழியில்லை, அந்தத் துப்பாக்கியைச் சுடவும் கூடாது. அறைக்குப் பக்கத்தில் என் பேரலில் இருக்கும் தழும்புகள் அந்தக் கட்டத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். வருடம் ஒரு முறை கேமரா விட்டுப் பார்க்கக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் பாய். அதற்குக் காசு வாங்க மாட்டாராம்.

போவேன். ஆனால் அந்தத் திருகுக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையை வீட்டுக் கிரைண்டரில் அரைத்து வைத்திருக்கிறேன். அதை அவர் கையில் கொடுத்த பிறகுதான் துப்பாக்கியை உறையிலிருந்து எடுப்பேன்.