வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவைத் தவிர என்ன கிடைக்கும்?

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்ற பெரும்பாலோர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்திருப்பார்கள். மதிப்பெண் சான்றிதழ் வந்த கையோடு பள்ளியிலேயே பதிவு முடிந்துவிடும். அதன்பின் மூன்றாண்டுக்கு ஒருமுறை இணையத்தில் புதுப்பிப்பதோடு அந்த அலுவலகத்துடனான உறவு பலருக்கு முடிந்துவிடுகிறது. வேலை தேடும் பிள்ளைகளுக்குத் துணையாக எங்கள் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்துக்குத் தொடர்ந்து சென்றுவரும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அங்கே கிடைக்கும் சேவைகளில் மிகக் குறைந்த பயன் தருவது எதுவோ, அதற்காகவே மக்கள் அங்கே செல்கிறார்கள் என்பதும், உண்மையில் பயன் தருபவை ஆளில்லாமல் கிடக்கின்றன என்பதும் எனக்கு வருத்தம் அளித்தன. அந்தச் சேவைகளை ஒவ்வொன்றாக எடைபோடுவதே இந்த மதிப்பாய்வின் நோக்கம்.

முதலில் பதிவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப்போரிலிருந்து திரும்பிய படைவீரர்களுக்கு வேலை தேடித் தருவதற்காக 1945இல் தொடங்கப்பட்ட இந்த அமைப்பு, 1948இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. 1959ஆம் ஆண்டுச் சட்டம், 25 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் தனியார் நிறுவனங்களும் தங்கள் காலிப்பணியிடங்களை இந்த அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதித்தது. ஆனால் அலுவலகம் அனுப்பும் ஆளைத்தான் வேலைக்கு எடுக்க வேண்டும் என்று அச்சட்டம் எந்த இடத்திலும் கட்டாயப்படுத்தவில்லை. அரசுப் பணிகளுக்கு அலுவலகப் பட்டியலோடு நிறுத்திக்கொள்ளாமல் பத்திரிகை விளம்பரமும் கொடுத்து விண்ணப்பம் பெற வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012இல் ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தபின், பதிவு மூப்பை, அதாவது முன்னால் பதிந்தவருக்கு முன்னுரிமை என்ற முறையை, நம்பி ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பி.எட். பட்டதாரிகளின் வழியும் மாறிவிட்டது. இன்று மூப்பின் அடிப்படையில் நேர்காணல் அட்டை வருவது அலுவலக உதவியாளர், ஓட்டுநர், இரவுக் காவலர் போன்ற சில பணியிடங்களுக்கு மட்டுமே என்ற அளவுக்குச் சுருங்கியிருக்கிறது.

இதனால் பதிவே வேண்டாம் என்று பொருளல்ல. உரிய காலத்தில் புதுப்பிக்காவிட்டால் மூப்பு போய்விடும். அரசு அவ்வப்போது அறிவிக்கும் சிறப்புப் புதுப்பித்தல் சலுகைக்காகக் காத்திருப்பதைவிட, பதிவு அட்டையில் உள்ள மாதத்தைக் கைபேசி நாட்காட்டியில் குறித்து வைப்பது எளிது. பதிவு நடப்பில் இருந்தால் மட்டுமே கிடைக்கும் இன்னொரு நன்மை, வேலையில்லாதோருக்கான உதவித்தொகை. பதிவு செய்து ஐந்தாண்டு முடிந்தும் வேலை கிடைக்காத, குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மிகாதவர்களுக்கு இது மூன்றாண்டு காலம் வழங்கப்படுகிறது. பத்தாம் வகுப்பில் தேறாதவர்களுக்கு மாதம் 200 ரூபாய், தேறியவர்களுக்கு 300, பன்னிரண்டாம் வகுப்புக்கு 400, பட்டதாரிகளுக்கு 600 என்பது கணக்கு. பொறியியல், மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்பட்டம் பெற்றவர்களுக்கு இது கிடையாது. மாற்றுத்திறனாளிகளுக்குத் தொகையும் கூடுதல், காலமும் பத்தாண்டு. அவர்கள் பதிவு செய்து ஓராண்டு முடிந்தாலே விண்ணப்பிக்கலாம். 600 ரூபாயில் இன்று ஒரு மாதத்துக்குப் பேருந்துச் செலவுகூடச் சமாளிக்க முடியாது என்பது வெளிப்படை. இருந்தாலும் தேர்வுக் கட்டணத்துக்கும் விண்ணப்பச் செலவுக்கும் வீட்டில் கை நீட்டத் தயங்கும் பெண்களுக்கு இந்தச் சிறு தொகை எவ்வளவு பெரியது என்பதை நான் அறிவேன். இதை வாங்கினால் பதிவு ரத்தாகிவிடும் என்ற வதந்தி கிராமங்களில் இன்னும் உலவுகிறது. அதில் உண்மை இல்லை.

அலுவலகத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி தன்னார்வப் பயிலும் வட்டம். டி.என்.பி.எஸ்.சி., காவலர் தேர்வு, ரயில்வே, மத்திய அரசுப் பணிகளுக்கான எஸ்.எஸ்.சி. தேர்வுகளுக்கு இங்கே கட்டணமில்லாமல் வகுப்புகள் நடக்கின்றன. மாதிரித் தேர்வுகளும் வைக்கிறார்கள். தனியார் பயிற்சி மையங்கள் ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் நிலையில், இங்கே கிடைப்பது தரத்தில் எந்த அளவில் இருக்கிறது என்ற கேள்வி நியாயமானது. நான் பார்த்தவரையில் தமிழ், வரலாறு, அரசியலமைப்பு வகுப்புகள் உறுதியாக இருந்தன. கணக்கு வகுப்பு, வரும் ஆசிரியரைப் பொறுத்து ஏறியும் இறங்கியும் இருந்தது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் 300 மதிப்பெண்ணில் 150 தமிழுக்கு உரியது. அந்தப் பகுதியில் குறைந்தது 60 எடுக்காவிட்டால் மீதி விடைத்தாளே திருத்தப்படாது என்பதால், ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளித் தமிழ்ப் பாடநூல்களை வரிவரியாக நடத்தும் இந்த வகுப்பு ஒன்றுக்காகவே அங்கே போகலாம். எங்கள் அலுவலகத்தில் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். படிப்பறை மாலை அலுவலக நேரத்தோடு பூட்டப்படுகிறது. பகலில் துணிக்கடையிலும் மருந்துக்கடையிலும் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு அந்த அறை இருந்தும் இல்லாததுபோலத்தான்.

தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரும்பாலான மாவட்டங்களில் வெள்ளிக்கிழமைகளில் சிறிய முகாம்கள் அலுவலக வளாகத்திலேயே நடக்கின்றன. கல்லூரி மைதானங்களில் சனிக்கிழமைகளில் நடக்கும் பெரிய முகாம்களும் உண்டு. பேனரும் மேடையும் உள்ள பெரிய முகாமைவிட, பத்துப் பதினைந்து நிறுவனங்கள் வரும் வெள்ளிக்கிழமை முகாமே வேலை தேடுபவருக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து. அங்கே வரிசை குறைவு. மனிதவள அலுவலர் ஒருவரோடு ஐந்து நிமிடம் நின்று பேச முடியும். கேட்டதற்கு அவர் பதிலும் சொல்வார்.

அப்படி ஒரு மேசையில் நான் பார்த்ததை இங்கே எழுதுகிறேன். மேசையின் முன்புறம் ஒட்டியிருந்த தாளில் சம்பளம் 15,000 என்றும், தங்குமிடம், உணவு, பேருந்து வசதி உண்டு என்றும் எழுதியிருந்தது. டிப்ளமோ முடித்த இளைஞர் ஒருவர் பெயரைக் கொடுத்துவிட்டு நகரப் பார்த்தார். அவருக்குப் பின்னால் நின்ற பெண், "கைக்கு எவ்வளவு வரும் சார்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்குப் பிறகுதான் தாளில் இல்லாத செய்திகள் ஒவ்வொன்றாக வந்தன. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 10,000 என்றால் அதில் 12 விழுக்காடு, அதாவது 1,200 ரூபாய், பி.எப். என்னும் வருங்கால வைப்பு நிதிக்குப் பிடிப்பார்கள். இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுக்கு மொத்தச் சம்பளத்தில் 0.75 விழுக்காடு, ஏறக்குறைய 113 ரூபாய். தங்குமிடத்துக்கும் கேன்டீனுக்கும் தனிப் பிடித்தம். இன்னும் சில நிறுவனங்கள், தாங்கள் கட்ட வேண்டிய பி.எப். பங்கையும் சேர்த்தே சம்பளத் தொகையைத் தாளில் எழுதிவிடுகின்றன. பி.எப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் நம் நன்மைக்கே என்பதால் அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் வீட்டுக்கு மாதம் எவ்வளவு அனுப்ப முடியும் என்பதைக் கணக்கிடாமல் வேறு மாவட்டத்துக்கு மூட்டை கட்டுவது பின்னால் பெரிய சங்கடத்தில் கொண்டுபோய் விடும்.

சம்பளத்துக்கு அடுத்து அவசியம் கேட்க வேண்டியது, எடுப்பது நிரந்தரப் பணிக்கா, காண்ட்ராக்ட் முறையிலா, அப்ரண்டிஸாகவா என்பது. 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டப்படி அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவரே தவிரத் தொழிலாளி அல்லர். அவருக்குக் கிடைப்பது உதவித்தொகை. பயிற்சி முடிந்ததும் அதே நிறுவனம் வேலை கொடுத்தாக வேண்டும் என்ற பொதுவான கட்டாயமும் இல்லை. ஐ.டி.ஐ. முடித்தவருக்கு நல்ல நிறுவனத்தில் அப்ரண்டிஸ் பயிற்சியும் அதன் சான்றிதழும் மிகவும் மதிப்புள்ளவை. நான் அதைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். வேலை என்று நம்பிச் சேர்ந்துவிட்டு, ஓராண்டு முடிந்து வெளியே வரும்போதுதான் அது பயிற்சி என்று தெரிய வருவதுதான் கொடுமை. முகாமில் ஒரே மேசையில் இரண்டு வகைக்கும் ஆள் எடுப்பார்கள் என்பதால், எந்த வகை என்பதை எழுத்தில் கேட்டு வாங்குவது நம் பொறுப்பு. ஷிப்ட் நேரம், இரவுப் பணி உண்டா, எந்த ஊர்க் கிளை, ஏஜென்சி மூலமாகச் சேர்க்கிறார்களா என்பவற்றையும் அங்கேயே கேட்டுவிடலாம். அசல் சான்றிதழ்களை எந்த நிறுவனத்திடமும் ஒப்படைக்க வேண்டாம். பார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொல்லி, நகலை மட்டும் கொடுங்கள்.

ஆள்வரவு மிகவும் குறைந்த இடம் தொழில்நெறி வழிகாட்டும் அலுவலரின் அறை. பி.காம். முடித்த ஒரு பெண்ணின் பயோடேட்டாவை அந்த அலுவலர் பென்சிலும் கையுமாகப் படித்ததை நான் அருகிலிருந்து பார்த்தேன். தந்தை பெயர், மதம், பத்தாம் வகுப்பு மதிப்பெண், பொழுதுபோக்கு என்று முதல் பக்கம் முழுவதும் நிறைந்திருந்தது. "படிக்கும்போது எங்காவது வேலை பார்த்தீர்களாம்மா?" என்று அவர் கேட்டபோது, மாமாவின் ஹார்டுவேர் கடையில் இரண்டு ஆண்டு கணக்குப் பார்த்ததாகவும், டேலி என்ற கணக்கு மென்பொருளில் பில் போட்டு ஜி.எஸ்.டி. கணக்கை ஆடிட்டருக்கு அனுப்பி வந்ததாகவும் அந்தப் பெண் சொன்னார். அது சொந்தக் கடை என்பதால் எழுதவில்லையாம். அலுவலர் அதை அப்படியே முதல் பத்தியாக எழுதச் சொன்னார். மதத்தையும் பொழுதுபோக்கையும் அடித்துவிட்டார். பிளஸ் டூவில் அறிவியல் எடுத்தவர் அடுத்து என்ன படிக்கலாம், கல்லூரியை இடையில் விட்டவர் எங்கே தொடரலாம், முதல் வேலையை ஆறு மாதத்தில் விட்டுவிடலாமா என்பன போன்ற கேள்விகளுக்கும் அங்கே நிதானமான பதில் கிடைக்கிறது. வெளியே இதற்குக் கட்டணம் வாங்குகிறார்கள்.

இணையச் சேவைகளைப் பொறுத்தவரை என் மதிப்பீடு நடுத்தரம்தான். 2020இல் தொடங்கிய தமிழ்நாடு தனியார் துறை வேலை இணையத்திலும், 2015இல் மத்திய அரசு தொடங்கிய தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளத்திலும் வேலை தேடுவோர் இலவசமாகப் பதிவு செய்யலாம். மாவட்டம், கல்வித்தகுதி, சம்பளம் என்று பிரித்துத் தேடும் வசதி நன்றாகவே இருக்கிறது. ஆள் எடுத்து முடித்த பின்னும் அறிவிப்பு நீக்கப்படாமல் கிடப்பதுதான் எரிச்சலூட்டுகிறது. அறிவிப்பு வெளியான தேதியைப் பார்த்து, நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து உறுதி செய்த பின்பே புறப்பட வேண்டும். மத்திய அரசுத் தளத்துக்கு 1514 என்ற உதவி எண் உண்டு. எந்தத் தளமானாலும், எந்த முகாமானாலும், வேலைக்காக முன்பணம், சீருடைக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று எவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அலுவலகத்தின் எந்தச் சேவைக்கும் கட்டணம் இல்லை. அலுவலகத்தின் பெயரைச் சொல்லிப் பணம் கேட்பவரைப் பற்றி மாவட்ட அலுவலரிடமே புகார் செய்யலாம்.

ஐந்தாறு ஆண்டு அனுபவத்துடன் மென்பொருள் துறையிலோ வங்கித் துறையிலோ அடுத்த படிக்கு நகர நினைப்பவர்களுக்கு இந்த முகாம்களில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அவர்களுக்கு முன்னாள் சக ஊழியர்களின் பரிந்துரையும் லிங்க்ட்இன், நௌக்ரி போன்ற தளங்களுமே பொருத்தம். முதுகலை, தொழிற்பட்டம் முடித்தவர்கள் தங்கள் கூடுதல் தகுதியைப் பதிவு செய்யச் சென்னையிலும் மதுரையிலும் தனி அலுவலகங்கள் இருக்கின்றன. பத்தாம் வகுப்பிலிருந்து பட்டப்படிப்பு வரை முடித்து முதல் வேலை தேடுபவர்கள், ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்தவர்கள், குழந்தை வளர்ப்புக்காக இடைவெளி விட்டுத் திரும்பும் பெண்கள் ஆகியோருக்கு நான் இந்த அலுவலகத்தை முழு மனத்தோடு பரிந்துரைக்கிறேன்.

துறையிடம் ஒரு கோரிக்கை. முகாமுக்கு வரும் நிறுவனங்களின் பட்டியலை, பணியின் வகை, பணியிடம், பிடித்தம் போகக் கைக்கு வரும் தொகை ஆகியவற்றோடு இரண்டு நாள் முன்னதாகவே அலுவலகப் பலகையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் வெளியிட வேண்டும். அப்படிச் செய்தால், விடிகாலைப் பேருந்தில் கைக்குழந்தையோடு கிளம்பி வந்து, தன் தகுதிக்கு அங்கே மேசையே இல்லை என்று அறிந்து திரும்பும் பெண்களுக்கு ஒரு நாள் கூலியாவது மிச்சமாகும்.