மஞ்சள் வியாபாரத்துக்கு சீசனல் சார்ட்: வாங்கலாமா?

ஈரோட்டில் மஞ்சள் மண்டி நடத்துகிறோம். குடோனில் இருக்கும் விரலி மஞ்சளை இப்போதே விற்பதா, ஆடி வரைக்கும் வைத்திருப்பதா என்பதுதான் பங்குனி வந்தால் எங்கள் வீட்டில் பேச்சு. அதற்காகவே, வருஷத்தில் எந்த மாதம் விலை எப்படிப் போகிறது என்று பல வருஷத்தை ஒப்பிட்டுக் காட்டும் சீசனல் சார்ட் தரும் ஒரு தளத்துக்குச் சந்தா கட்டி வருகிறேன். இதே வசதி வேறு தளங்களிலும் இருப்பதால் பெயர் முக்கியமில்லை.

திறந்ததும் வருவது தொடர் சார்ட். ஒரு கான்ட்ராக்ட் (குறிப்பிட்ட மாதத்துச் சரக்குக்கு முன்கூட்டியே விலை பேசும் ஒப்பந்தம்) முடிந்ததும் அடுத்ததை அதோடு ஒட்டி, வருஷத்துக்கு ஒரு கோடாக ஒன்றன்மேல் ஒன்று போட்டுக் காட்டும். மஞ்சளுக்கு இதை நம்பவே கூடாது. இந்த ஒப்பந்தங்கள் நடக்கும் என்சிடிஇஎக்ஸ் சந்தையில் டிசம்பர் கான்ட்ராக்ட் 20ஆம் தேதி வாக்கில் முடிந்தால் அடுத்து நிற்பது ஏப்ரல்தான். டிசம்பர் என்பது பழைய சரக்கு. ஏப்ரலோ அறுவடை முடிந்து, வேகவைத்துக் காய்ந்து வரும் புதுச் சரக்கு. ஒட்டுப் போட்ட இடத்தில் கோடு திடீரென்று குதிக்கும் அல்லது விழும். அன்றைக்கு மண்டியில் விலை அசைந்தே இருக்காது.

இந்தத் தளத்துக்கு நான் காசு கொடுப்பது அடுத்த வசதிக்காக. ஏப்ரல் கான்ட்ராக்டை மட்டும் தனியாக எடுத்து, போன வருஷத்து ஏப்ரல், அதற்கு முந்தின ஏப்ரல் என்று அடுக்கிப் பார்க்கலாம். அதைவிட அருமை, ஆகஸ்ட் கான்ட்ராக்ட் விலையிலிருந்து ஏப்ரல் விலையைக் கழித்து அந்த வித்தியாசத்தையே கோடாகப் போடுவது. குடோன் வாடகை, வட்டி, எடைக் குறைவு எல்லாம் எனக்குத் தெரிந்த கணக்கு. வித்தியாசம் அதைத் தாண்டினால் சரக்கை வைத்துக்கொண்டே ஆகஸ்ட் கான்ட்ராக்டை இப்போதே விற்றுவைக்கலாம், தாண்டாவிட்டால் ஏப்ரலிலேயே தள்ளிவிடுவது மேல். ஒரு லாட், அதாவது ஒரு கான்ட்ராக்டின் அளவு, 5 டன், 50 குவிண்டால். குவிண்டாலுக்கு 100 ரூபாய் வித்தியாசம் கூடினால் லாட்டுக்கு 5,000 ரூபாய். வெறும் விலையைப் பார்த்து ஏறுமா இறங்குமா என்று யோசிப்பதைவிட இது எவ்வளவோ தெளிவு.

சராசரிக் கோட்டில்தான் ஜாக்கிரதை வேண்டும். 2023 ஏப்ரலில் குவிண்டால் 7,000 ரூபாயை ஒட்டி இருந்த மஞ்சள், ஆகஸ்டில் 16,000-ஐத் தாண்டியது. பல வருஷம் விலை கிடைக்காமல் விவசாயிகள் பரப்பைக் குறைத்திருந்தார்கள், அந்த நேரம் பார்த்து மழையும் சரியில்லை. அந்த ஒரு வருஷம் ஐந்து வருஷச் சராசரிக்குள் இருந்தால், ஆடியில் மஞ்சள் ஏறுவது வழக்கம் என்பது போலவே கோடு வளையும். இங்கே ஒவ்வொரு வருஷத்தையும் தனித்தனியாக நீக்க முடிகிறது. 2023-ஐ எடுத்துவிட்டுப் பாருங்கள், அப்புறமும் நிற்கிற வளைவுக்கு மட்டும் மதிப்புக் கொடுங்கள். சராசரி மட்டும் காட்டி, வருஷத்தை நீக்க விடாத தளத்துக்குச் சந்தா கட்ட வேண்டாம்.

குறை என்றால், செல்போனில் இரண்டு கான்ட்ராக்டைக் கழித்துப் பார்க்க முடியவில்லை, கம்ப்யூட்டர் வேண்டும். வருஷங்களை இடமிருந்து வலமாகக் காலண்டர் தேதிப்படிதான் அடுக்குகிறது, எக்ஸ்பைரிக்கு (கான்ட்ராக்ட் முடியும் நாளுக்கு) இத்தனை நாள் இருக்கிறது என்ற கணக்கில் அடுக்கினால் இன்னும் நன்றாக இருக்கும். நிஜாமாபாத், சாங்லி, ஈரோடு மஞ்சள் மண்டிகளின் வரத்தையும் அதே சார்ட்டின் அடியில் போட்டார்கள் என்றால் சந்தா இரண்டு மடங்கானாலும் கட்டுவேன்.